ஒன்பது பென்னியும் 4,500 ரூபாயும்

பத்தாம் வகுப்புக் குடிமையியலில் இந்திய அரசியலமைப்புப் பாடத்தை நடத்தும்போது, அரசு நெறிமுறையுறுத்தும் கோட்பாடுகளை நம்மில் பலர் ஒரே பாடவேளையில் கடந்துவிடுகிறோம். நான்காம் பகுதி, உறுப்பு 36 முதல் 51 வரை, அயர்லாந்திடமிருந்து பெற்றது, நீதிமன்றத்தால் நடைமுறைப்படுத்த இயலாது. தேர்வுக்கு இவ்வளவு போதும். ஆனால் 41ஆவது உறுப்பில் கொஞ்சம் நின்று பாருங்கள். வேலையின்மை, முதுமை, நோய், இயலாமை ஆகிய நிலைகளில் அரசின் உதவியைப் பெறும் உரிமைக்கு, அரசு தன் பொருளாதார வலிமைக்கு உட்பட்டு வழிசெய்ய வேண்டும் என்கிறது அது. பழவேற்காடு ஏரிக்கரைக் குப்பங்களிலிருந்து வரும் பிள்ளைகளுக்கு இந்த நான்கும் மனப்பாடம் செய்ய வேண்டிய சொற்களே அல்ல. மீன்பாடு இல்லாத மாதமும், கண் மங்கிப்போய் வலை பின்னுவதையும் நிறுத்திவிட்ட தாத்தாவும் அவர்கள் வீட்டிலேயே இருக்கிறார்கள்.

இந்த ஓர் உறுப்பை நான் மூன்று பாடவேளைகளில் எடுத்தேன். எப்படி எடுத்தேன், பிள்ளைகள் என்ன கேட்டார்கள் என்பதைப் பகிர்ந்துகொள்கிறேன். உங்கள் பள்ளி நெசவாளர் ஊரிலோ தேயிலைத் தோட்டத்திலோ இருக்கலாம். ஊருக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்ள முடியும்.

இந்த ஊரை அறியாதவர்களுக்குச் சில வரிகள். பழவேற்காடு, திருவள்ளூர் மாவட்டம் பொன்னேரி வட்டத்தில் இருக்கிறது. ஒடிசாவின் சிலிக்காவுக்கு அடுத்தபடியாக நாட்டிலேயே பெரிய உவர்நீர் ஏரி இதுதான். ஏரியின் பெரும்பகுதி ஆந்திரத்தில் கிடக்கிறது, தென்பகுதி மட்டுமே நம்முடையது. டச்சுக்காரர்கள் 1613இல் இங்கே கோட்டை கட்டினார்கள் என்பதை வரலாற்றுப் பாடத்தில் சொல்லி, கல்லறைத் தோட்டத்துக்குக் களப்பயணமும் போய் வருகிறோம். வயிற்றுப்பாட்டுக்கு வருவோம். சிலர் ஏரியை நம்பியிருக்கிறார்கள், சிலர் கடலை, சிலர் இரண்டையும். ஏரி கடலோடு சேரும் முகத்துவாரம் மணல் மேடிட்டால் படகு வெளியே போவதும் சிரமம், இறால் உள்ளே வருவதும் சிரமம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் ஏவும் நாளில் கடலுக்குப் போக வேண்டாம் என்று அறிவிப்பு வரும். புயல் எச்சரிக்கை நாள்கள் தனி.

ஓசியா, உரிமையா?

'மக்கள் நல அரசு' என்று கரும்பலகையில் எழுதிவிட்டு, உங்கள் வீட்டுக்கு அரசிடமிருந்து வருவது என்னென்ன என்று கேட்டேன். காலை உணவு, சத்துணவு, பஸ் பாஸ், சைக்கிள், பாட்டியின் பென்ஷன், தடைக்கால நிவாரணம், சங்கத்தில் கட்டுகிற சேமிப்புப் பணம் எனப் பட்டியல் நீண்டது. கடைசி வரிசையில் ஒரு மாணவன் மட்டும் வாயைத் திறக்கவில்லை. ஏனென்று கேட்டதற்கு, "இதெல்லாம் ஓசி டீச்சர். எங்கப்பா ஓசில வாழற ஆளு இல்ல" என்றான். வகுப்பு அமைதியாகிவிட்டது. அந்தப் பட்டியலில் கை தூக்கியவர்கள் எல்லாரும் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

இரண்டாம் வரிசையிலிருந்து ஒரு மாணவி எழுந்தாள். "சேமிப்புப் பணம் ஓசி இல்ல. அதுல பாதி எங்கம்மா கட்டினது."

பாதியா என்பதைப் பிறகு பார்க்கலாம் என்றேன். பாடம் உண்மையில் அங்கேதான் தொடங்கியது. பதினைந்து வயதுப் பையன் ஒருவன் தன் குடும்பம் பெறும் உதவியை அவமானமாக நினைக்கிறான். அதே உதவியை இன்னொரு பிள்ளை தன் தாயின் சம்பாத்தியமாகப் பார்க்கிறாள். இந்த வாதம் குப்பத்து வகுப்பறையில் மட்டும் நடப்பதில்லை. நூறு ஆண்டுகளுக்கு முன் இங்கிலாந்து நாடாளுமன்றத்திலும் ஏறக்குறைய இதுதான் நடந்தது.

'ஓசி' என்ற சொல்லுக்கு ஒரு கதை சொல்வார்கள். கிழக்கிந்தியக் கம்பெனியின் அலுவல் கடிதங்களில் கம்பெனிப் பணி என்பதைக் குறிக்கும் இரண்டு ஆங்கில எழுத்துகளைப் போட்டு, கட்டணம் இல்லாமல் அனுப்புவார்களாம். அதிலிருந்து வந்ததாம் 'ஓசி'. கதை எவ்வளவு உண்மையோ, பிள்ளைகளுக்குப் பிடித்திருந்தது. நான் அடுத்துச் சொல்லப்போனது ஸ்டாம்ப் ஒட்டிய ஓர் அட்டையைப் பற்றி என்பதால் எனக்கும் வசதியாகப் போயிற்று.

செருப்புத் தைக்கும் தாய்மாமன் வளர்த்த பிள்ளை

டேவிட் லாயிட் ஜார்ஜ் 1863இல் மான்செஸ்டரில் பிறந்தவர். தந்தை வில்லியம் ஜார்ஜ் நம்மைப்போல் ஒரு பள்ளி ஆசிரியர். பிள்ளைக்கு இரண்டு வயது நிறைவதற்குள் நிமோனியாவில் இறந்துபோனார். வருமானம் இல்லாமல் நின்ற தாயையும் பிள்ளைகளையும் வேல்ஸ் பகுதியின் சிற்றூர் ஒன்றில் செருப்புத் தைத்துக்கொண்டிருந்த தாய்மாமன் ரிச்சர்ட் லாயிட் கூட்டிப்போய் வளர்த்தார். வீட்டில் பேசியது வெல்ஷ் மொழி. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாத ஒரே பிரிட்டிஷ் பிரதமர் இவர்தான். வழக்கறிஞராகி, நாடாளுமன்ற உறுப்பினராகி, 1908இல் நிதியமைச்சரானார்.

தாய்மாமன் இல்லாத பிள்ளைகள் அந்த நாட்டில் எங்கே போனார்கள் என்பதை மாணவர்களுக்குச் சொல்லியாக வேண்டும். 1834ஆம் ஆண்டின் ஏழையர் சட்டப்படி, கதியற்றவர்களுக்கு 'வேலை இல்லம்' என்ற ஒன்று இருந்தது. உள்ளே போனால் கணவன் ஒரு பக்கம், மனைவி ஒரு பக்கம், பிள்ளைகள் வேறொரு பக்கம். உதவி கேட்பதே வெட்கமாக இருக்கும்படி வேண்டுமென்றே அப்படி அமைத்தார்கள். ஏழையர் நிவாரணம் வாங்கியவருக்கு வாக்குரிமையும் கிடையாது. இதைச் சொன்னதும் கடைசி வரிசை மாணவன் நிமிர்ந்தான். "அரிசி வாங்குனா ஓட்டுப் போடக்கூடாதா?" ஆம், அன்றைய நிலை அதுதான்.

1908இல் முதியோர் ஓய்வூதியச் சட்டம் வந்தது. வரைவு தொடங்கியது முந்தைய நிதியமைச்சர் அஸ்குவித் காலத்தில். நாடாளுமன்றத்தில் அதை நடத்தி நிறைவேற்றியவர் லாயிட் ஜார்ஜ். 1909 ஜனவரி 1 அன்று, 70 வயது கடந்த ஏறக்குறைய ஐந்து லட்சம் பேர் அஞ்சலகம் சென்று வாரம் 5 ஷில்லிங் வரை வாங்கத் தொடங்கினார்கள். 20 ஷில்லிங் ஒரு பவுண்டு, ஆகவே இது கால் பவுண்டு. பெரிய தொகை இல்லை. 70 வயது வரை உயிரோடிருந்த ஏழைகளும் குறைவு. ஏழையர் நிவாரணம் வாங்கிக்கொண்டிருந்தவர்க்கும், அண்மையில் சிறை சென்றவர்க்கும் கிடையாது என்று நிபந்தனைகள் வேறு. ஆனால் அந்தச் சட்டத்தில் ஒரு வரி இருந்தது: இந்த ஓய்வூதியம் பெறுவதால் எவருடைய வாக்குரிமையும் பறிபோகாது. நான் இந்தப் பாடம் முழுவதையும் அந்த ஒரு வரியைச் சுற்றித்தான் அமைத்தேன். அரசிடம் பணம் வாங்கியும் ஒருவர் முழுக் குடிமகனாகவே இருக்கலாம் என்பது அங்கே அன்றைக்குப் புதிய செய்தி.

பணத்துக்கு எங்கே போவது? 1909இல் அவர் கொண்டுவந்த வரவு செலவுத் திட்டம் பெருஞ்செல்வர்களின் வருமானத்துக்கும் நிலத்துக்கும் வரியைக் கூட்டியது. பிரபுக்கள் சபை அதை நிராகரித்தது. 1910இல் இரண்டு பொதுத் தேர்தல்கள் நடந்தன. முடிவில் 1911இல் பிரபுக்கள் சபையின் அதிகாரமே சட்டத்தால் குறைக்கப்பட்டது. ஒன்பதாம் வகுப்பில் மேலவை, கீழவை சொல்லிக்கொடுக்கும்போது இதை எடுத்துக்காட்டாகக் காட்டலாம். இங்கே விரிக்கவில்லை.

அதே 1911இல் தேசியக் காப்பீட்டுச் சட்டம். இதற்கு முன்மாதிரி ஜெர்மனி. பிஸ்மார்க் அங்கே 1880களிலேயே தொழிலாளர் காப்பீட்டைத் தொடங்கியிருந்தார். லாயிட் ஜார்ஜ் 1908இல் நேரில் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். இங்கிலாந்தில் ஒவ்வொரு தொழிலாளிக்கும் ஓர் அட்டை. வாரந்தோறும் அதில் ஸ்டாம்ப் ஒட்ட வேண்டும். ஆண் தொழிலாளி தன் கூலியிலிருந்து 4 பென்னி, முதலாளி 3 பென்னி, அரசு 2 பென்னி. நான்கு பென்னி கொடுத்து ஒன்பது பென்னி பெறுங்கள் என்பதே அவருடைய பிரசாரமாக இருந்தது. நோய்வாய்ப்பட்டால் வாரம் 10 ஷில்லிங் வீதம் 26 வாரம், பெண் தொழிலாளிக்கு 7 ஷில்லிங் 6 பென்னி. மருத்துவரைப் பார்க்கலாம், மருந்து வாங்கலாம். மகப்பேற்றுக்கு 30 ஷில்லிங். கட்டுமானம், கப்பல் கட்டுதல் போன்ற சில தொழில்களில் வேலை இழந்தாலும் சில வாரங்களுக்கு உதவி உண்டு.

எதிர்ப்பும் குறைவில்லை. மருத்துவர் சங்கம் எதிர்த்தது. வீட்டு வேலையாள்களின் அட்டையில் எஜமானிகள் ஸ்டாம்ப் ஒட்ட வேண்டுமா என்று லண்டன் ஆல்பர்ட் ஹாலில் கூட்டம் போட்டுக் கண்டித்தார்கள். இதைக் கேட்டு என் வகுப்பில் எழுந்த சிரிப்பு அடங்க நேரமாயிற்று.

கணக்கு

இப்போது பாதியா, மூன்றில் ஒரு பங்கா என்ற கேள்விக்கு வந்தோம். மீனவர் சேமிப்பு மற்றும் நிவாரணத் திட்டத்தில் கடல் மீனவர் ஒருவர் தன் பங்காக 1,500 ரூபாய் கட்டுகிறார். மத்திய அரசு 1,500, மாநில அரசு 1,500 சேர்க்கின்றன. மீன் குறைந்த மாதங்களில் 4,500 ரூபாயாகத் திரும்பக் கிடைக்கிறது. மீனவ மகளிருக்கு நம் மாநிலத்தில் தனித் திட்டம். அவர்கள் கட்டும் 1,500 ரூபாயுடன் மாநில அரசே 3,000 சேர்க்கிறது. ஆக, அந்த மாணவியின் தாய் கட்டியது மூன்றில் ஒன்று. லண்டன் தொழிலாளி கட்டியது ஒன்பதில் நான்கு. பின்னங்களை ஒப்பிடுங்கள் என்றதும், கணக்கு வகுப்பில் தூங்கும் பிள்ளைகள்கூட மும்முரமானார்கள். இங்கே மூன்று மடங்கு, அங்கே இரண்டேகால் மடங்கு.

"அங்க முதலாளி மூணு பென்னி போட்டாரு. இங்க யாரு முதலாளி?" என்று ஒருவன் கேட்டான். பாடத்தின் முடிச்சை அவனே அவிழ்த்துவிட்டான். கரும்பலகையில் பதில்களை எழுதினேன். படகுக்காரர் என்றார்கள் சிலர். ஆனால் பலர் சொந்தப் படகில் போகிறார்கள். முன்பணம் கொடுத்துவிட்டு மீனைத் தானே எடுத்துக்கொள்ளும் வியாபாரி என்றார்கள் வேறு சிலர். "வியாபாரி முதலாளி மாதிரிதான் டீச்சர். ஆனா கார்டுல ஸ்டாம்ப் ஒட்டமாட்டாரு" என்றாள் ஒரு மாணவி.

நம் நாட்டில் தொழிலாளர் காப்பீட்டுக் கழகத் திட்டம் 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்தது. பேராசிரியர் பி.பி. அடார்க்கர் 1944இல் அளித்த அறிக்கை அதற்கு அடிப்படை. 1911 சட்டத்தின் பேரப்பிள்ளை என்று அதைச் சொல்லலாம். தொழிலாளி ஒரு பங்கு, முதலாளி ஒரு பங்கு. எண்ணூர்ப் பக்கம் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போகும் அண்ணன்மாரின் சம்பளச் சீட்டில் அந்தப் பிடித்தம் இருப்பதைப் பிள்ளைகள் பார்த்திருக்கிறார்கள். சொந்தமாக வலைவீசும் அப்பாவுக்கு அந்தக் கதவு இல்லை, ஏனென்றால் முதலாளி இல்லை. முதலாளியின் நாற்காலியில் யாராவது உட்கார வேண்டும். மீனவர் திட்டத்தில் அரசு உட்கார்ந்திருக்கிறது. மீனவர் நல வாரியத்துக்கான தமிழ்நாட்டுச் சட்டம் 2007இல் வந்ததும் இந்தக் காலியிடத்தை நிரப்பத்தான் என்று விளக்கினேன்.

புளியங்கொட்டை விளையாட்டு

சேமிப்புக்கும் காப்பீட்டுக்கும் உள்ள வேறுபாட்டைப் பெரியவர்களே குழப்பிக்கொள்கிறோம். இதற்கு ஒரு விளையாட்டு வைத்தேன். ஐந்தாம் வகுப்புக்கும் ஒத்துவரும்.

வகுப்பில் 30 பேர். ஐந்து சுற்றுகள். ஒவ்வொரு சுற்றிலும் ஒவ்வொருவரும் ஒரு புளியங்கொட்டையைத் தன் தீப்பெட்டிக்குள் போட வேண்டும். பிறகு சீட்டுக் குலுக்கி மூன்று பேருக்கு 'நோய்' என்று வரும். நோய் தீர 20 கொட்டை தேவை. தீப்பெட்டியில் இருப்பதோ 5. மூவரும் தோற்றார்கள். மறுபடி விளையாட்டு. இம்முறை தீப்பெட்டி இல்லை, நடுவில் ஒரு பானை. 30 பேரின் 150 கொட்டையும் பானைக்குள். மூன்று நோயாளிகளுக்கு 60 போக 90 மீதி. இதுதான் காப்பீடு என்றதும் கை தட்டினார்கள்.

மூன்றாவது முறை சீட்டு எழுதும்போது நான் முப்பது சீட்டிலும் ஒன்றையே எழுதினேன்: 'மீன்பாடு இல்லை'. பானையில் இருக்கும் 150ஐ 30 பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு 5. போட்டதுதான் திரும்பி வந்தது. பானை இருந்தும் பயனில்லை. நோய் ஒரு வீட்டுக்கு வரும், அடுத்த வீடு தாங்கிக்கொள்ளும். முகத்துவாரம் அடைபட்டாலும் தடைக்காலம் வந்தாலும் ஒரு குப்பம் முழுக்க ஒரே நாளில் வருமானம் நிற்கிறது. அப்போது பானைக்குள் வெளியிலிருந்து கொட்டை வந்தாக வேண்டும். மீன் பிடிக்காத ஊர்க்காரர்களின் வரியிலிருந்து அது வருகிறது. "நாங்களும் சோப்பு வாங்கறப்ப வரி கட்டறோமே" என்றது ஒரு குரல். ஆமாம், கட்டுகிறீர்கள். திருப்பூரில் பின்னலாடைத் தொழில் படுத்துப்போனால் உங்கள் சோப்பின் வரியும் அங்கே போகும்.

இதைப் புரியவைக்க ஏரியிலேயே நல்ல எடுத்துக்காட்டு இருக்கிறது. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுக்குப்பம் ஆகிய ஊர்களில் 'பாடு' என்ற முறை வழிவழியாக வருகிறது. இறால் நன்றாகப் படும் இடங்கள் சிலதான். வலியவர் எல்லா நாளும் அங்கேயே வலை போட்டுவிடாதபடி, முறைவைத்து ஒவ்வொரு குழுவுக்கும் நாள் ஒதுக்குகிறார்கள். ஊரில் தலைக்கட்டு உள்ளவர்க்கு அதில் பங்கு. எந்த அரசும் எழுதித் தராத சட்டம், ஆய்வாளர்கள் வந்து கற்றுக்கொண்டு போகும் ஏற்பாடு. பிள்ளைகளுக்கு இதில் பெருமை உண்டு, இருக்கவும் வேண்டும். ஆனால் ஏரியில் உள்ளதைத்தான் பாடு பங்கிடும். ஏரியிலேயே இல்லாத நாளில் பங்கிட எதுவும் இல்லை. தவிர, பாட்டில் பெண்களுக்கு இடமில்லை. படகும் வலையும் இல்லாமல் இடுப்பளவுத் தண்ணீரில் கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர் குடும்பங்களுக்கும் இடமில்லை. உரிமை கேட்டு வெவ்வேறு ஊர்களுக்கிடையே சண்டைகளும் நடந்திருக்கின்றன. ஒன்றைப் புகழ்ந்து சொல்லும்போது அதன் எல்லைக்கு வெளியே நிற்பவர் யார் என்று கேட்கப் பழக்குவது நம் வேலை என்று நினைக்கிறேன்.

லாயிட் ஜார்ஜிடமும் அதையே கேட்டோம். 1911 சட்டத்தில் மருத்துவரைப் பார்க்கும் உரிமை அட்டை வைத்திருந்த தொழிலாளிக்கு மட்டும்தான். அவருடைய மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் இல்லை. பிவரிட்ஜ் அறிக்கை 1942 டிசம்பரில் வந்து, அட்லி அரசில் அனைவருக்குமான மருத்துவ சேவை 1948 ஜூலை 5 அன்று தொடங்கும்வரை அந்தப் பெண்கள் காத்திருந்தார்கள். லாயிட் ஜார்ஜ் அதைப் பார்க்கவில்லை, 1945 மார்ச்சில் இறந்துவிட்டார். பிவரிட்ஜ் பிறந்தது அன்றைய வங்காளத்தின் ரங்க்பூரில். வினாடி வினாவுக்கு உதவும்.

"நாமளும் அவங்க ஆட்சிலதான இருந்தோம்?"

மூன்றாம் பாடவேளையில் வந்த கேள்வி இது. 1909இல் இங்கிலாந்துப் பாட்டிக்குப் பென்ஷன் கிடைத்தபோது பழவேற்காட்டுப் பாட்டிக்கு ஏன் கிடைக்கவில்லை? இதற்குப் பதில் சொல்லாமல் லாயிட் ஜார்ஜை ஏழைப் பங்காளராக மட்டும் காட்டி முடித்தால் பாதி வரலாறுதான் நடத்தியதாகும். அவர் 1916 முதல் 1922 வரை பிரதமர். ஜாலியன் வாலாபாக் படுகொலை நடந்த 1919 ஏப்ரலில் ஆட்சி அவருடையது. இந்திய ஆட்சிப் பணியில் பிரிட்டிஷாரை ஆட்சியின் எஃகுச் சட்டம் என்று 1922இல் நாடாளுமன்றத்தில் புகழ்ந்தவரும் அவரே. அவருடைய நல அரசு கடல் கடந்து வரவில்லை. வாக்கு இருந்தவர்களுக்கு அது கிடைத்தது. நம்மவர்களில் மிகச் சிலருக்கே அன்று வாக்கு இருந்தது.

இங்கே ஓர் ஒப்பீடு ஆசிரியர்களுக்குப் பயன்படும். ஏழை மாணவர்களின் உணவுக்கு உள்ளாட்சி மன்றங்கள் வரிப்பணத்தைச் செலவிடலாம் என்று இங்கிலாந்து 1906இல் சட்டம் செய்தது. சென்னை மாநகராட்சி, தலைவர் பி. தியாகராயரின் முயற்சியால், 1920இல் ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளியில் மாணவர்க்குச் சிற்றுண்டி கொடுக்கத் தீர்மானித்தது. ஒரு மாணவருக்கு நாளொன்றுக்கு ஓர் அணாவுக்கு மிகாத செலவு. பிறகு வேறு பள்ளிகளுக்கும் விரிந்தது. தொடக்கக் கல்வி நிதியிலிருந்து இதற்குச் செலவிட அன்றைய அரசு ஒப்பவில்லை, 1925இல் திட்டம் நின்றது. தன் நாட்டில் சட்டம் போட்டுச் செய்ததை, இங்கே செய்துகொண்டிருந்தவர்களைச் செய்ய விடவில்லை. பிறகு 1956இல் காமராசர் காலத்து மதிய உணவு, 1982இல் எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவு, 2022இல் காலை உணவு என்று நாம் எல்லாரும் அறிந்த பாதை. முதியோர் ஓய்வூதியம் நம் மாநிலத்தில் 1962இல் தொடங்கியது. இங்கிலாந்துப் பாட்டிக்கும் நம் பாட்டிக்கும் இடையே 53 ஆண்டு. கழித்தல் கணக்கை ஒரு மாணவியே பலகையில் போட்டுக் காட்டினாள்.

நடத்தப்போகும் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். வீட்டிலிருந்து பாஸ்புத்தகம், சங்க அட்டை எதையும் கொண்டுவரச் சொல்லாதீர்கள். யார் வீட்டில் எவ்வளவு பாக்கி, யார் உறுப்பினர் இல்லை என்பதெல்லாம் வகுப்பில் வெளிப்பட்டுவிடும். நான் பெரிய சார்ட்டில் ஒரு மாதிரி அட்டை வரைந்து, பெயர் இல்லாமல் பயன்படுத்தினேன். யார் வீட்டுக்கு என்ன வருகிறது என்று கை தூக்கச் சொல்வதையும் தவிர்த்து, 'நம் ஊரில்' என்று பொதுவாகக் கேட்பது நல்லது. தொடக்கப் பள்ளியில் லாயிட் ஜார்ஜ் பெயரே தேவையில்லை. புளியங்கொட்டை விளையாட்டும் ஸ்டாம்ப் அட்டையும் போதும்.

கடைசி வரிசை மாணவன் பட்டியலில் தன் பங்குக்கு ஒன்றைச் சேர்த்தான். 'தடைக்கால நிவாரணம்' என்று எழுதி, பக்கத்தில் அடைப்புக்குறிக்குள், 'கடல் மீன் பெருகுவதற்காக நாங்கள் வேலையை நிறுத்துவதற்கு' என்று எழுதியிருந்தான். நான் சொல்லிக்கொடுத்ததைவிட அது நல்ல வரையறை.

செயல்பாடாக, மீனவர் கூட்டுறவுச் சங்கச் செயலாளரைச் சந்தித்தால் கேட்க வேண்டிய கேள்விகளைக் குழுவாகத் தயாரிக்கச் சொன்னேன். பதினொரு கேள்விகள் வந்தன. 60 வயதுக்குப் பிறகும் கடலுக்குப் போகிறவர் சேமிப்பில் சேரலாமா? ஏரியில் மட்டும் மீன் பிடிப்பவருக்கு எந்தத் திட்டம்? ஒரு தவணை கட்டத் தவறினால் என்ன ஆகும்? கணவர் இறந்தால் அவர் கட்டிய பணம் யாருக்கு? கேள்விகளை அவர்கள் கையெழுத்திலேயே நகலெடுத்து வைத்திருக்கிறேன். கடைசிக் கேள்வியை எழுதியது சேமிப்புப் பணம் ஓசி இல்லை என்று சொன்ன அதே மாணவி: கையால் இறால் தடவுகிற அக்காவுக்குப் படகும் இல்லை, வலையும் இல்லை, விண்ணப்பத்தில் 'தொழிற்கருவி' என்ற இடத்தில் அவர் என்ன எழுத வேண்டும்?